குருசுக்குப்பத்துக் குட்டிக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருக்கிறோம். போன வாரம் ஒரு பெண் நாட்டு நாய்க்குட்டியைத் தத்தெடுத்தோம். எட்டு வாரக் குட்டி. உடம்பெல்லாம் பட்டை நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. சென்ற ஆண்டு தவறிவிட்டார். அவர் நினைவாகப் பிரெஞ்சுப் பெயர் வைக்க ஆசைப்படுகிறோம். என் மகளுக்கு எட்டு வயது, பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு ‘ஷூஷூ’ பிடித்திருக்கிறது. கணவர் ‘ஷெனவியேவ்’ என்கிறார். பிரான்சில் இருக்கும் நாத்தனார் ‘மனோன்’ வைக்கச் சொல்கிறார். அங்கே நாய்களுக்கு அந்தந்த வருடத்துக்குரிய எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டுமாம், அதையும் பார்த்துக்கொள் என்கிறார். எனக்கு ‘நுவாசெத்’, ‘பெர்னதெத்’, ‘பிழூ’ மூன்றும் பிடிக்கும். அத்தைக்கு 71 வயது. “வாயில நுழையிற பேரா வைங்க, இல்லன்னா நான் குட்டின்னே கூப்பிட்டுக்கிறேன்” என்கிறார். தமிழ் வீட்டு நாய்க்குப் பிரெஞ்சுப் பெயர் புரியாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இன்னும் பெயரில்லாமல் குட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. எதை வைக்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பக்கத்து வீட்டாரின் கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். எட்டு வாரக் குட்டிக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. ‘மணி’ என்று வைத்தாலும் அதற்கு அது வெறும் ஒலிதான். இந்த ஒலி வந்தால் எனக்கு நல்லது நடக்கிறது, என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று பழகிய பிறகுதான் அந்த ஒலி பெயராகிறது. நாய்களுக்கு மொழி வேறுபாடே தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. ஹங்கேரியில் புடாபெஸ்ட்டில் உள்ள எத்வெஷ் லோராந்த் பல்கலைக்கழகத்தார் 18 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஒரே கதையை ஸ்பானிஷிலும் ஹங்கேரியனிலும் கேட்கவைத்தார்கள். வீட்டில் கேட்டுப் பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாயின் மூளை வெவ்வேறு விதமாக வேலை செய்வது அதில் தெரிந்தது. ஆக, உங்கள் வீட்டுத் தமிழின் ஓசை குட்டிக்குச் சீக்கிரம் பழகிவிடும். அந்த ஓசைக்கு நடுவே ஒரு பிரெஞ்சுச் சொல் அதன் பெயராக இருப்பதில் எந்தத் தடையும் இல்லை.

பெயர் எந்த மொழியைச் சேர்ந்தது என்பது நாய்க்கு முக்கியமில்லை. அதைக் கூப்பிடப்போகிற வாய்கள் எவை என்பதுதான் முக்கியம். பிரெஞ்சுக்காரர் சொல்லும்போது அழகாக இருக்கிற பெயர், உங்கள் அத்தை கொல்லைப்புறத்திலிருந்து கத்திக் கூப்பிடும்போது என்னவாக மாறுகிறதோ, அதுதான் குட்டியின் உண்மையான பெயர். மகள் பள்ளியில் பழகிய உச்சரிப்பில் ஒன்றும், அத்தை வேறொன்றும், நீங்கள் அவசரத்தில் மூன்றாவதாக ஒன்றும் சொன்னால், முதல் சில வாரங்களில் குட்டிக்கு மூன்றும் மூன்று ஒலிகள். ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் உங்கள் வீட்டு வாயில் போட்டுப் பார்க்கிறேன்.

‘ஷூஷூ’. பிரெஞ்சில் இது செல்லப் பெயர். வகுப்பில் ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளையைக்கூட இப்படித்தான் சொல்வார்கள். பாப்பாவுக்கு ஏன் பிடித்தது என்று புரிகிறது. ஆனால் அத்தை வாயில் இது ‘சூசூ’ ஆகிவிடும். நம் ஊரில் ‘ச்சூ’ என்று நாயைப் பார்த்துச் சொன்னால் என்ன அர்த்தம்? ஒன்று விரட்டுகிறோம், இல்லாவிட்டால் ஆள் மேல் ஏவுகிறோம். தெருவில் போகிறவர் திடுக்கிட்டு நிற்பார். தெருவில் யாராவது வேறொரு நாயை விரட்டினால் உங்கள் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடும், அடி வாங்கும். குட்டியின் பாதுகாப்புக்காக இந்தப் பெயர் வேண்டவே வேண்டாம் என்று பாப்பாவிடம் காரணத்தோடு சொல்லுங்கள். எட்டு வயதுக்கு இது நன்றாகவே புரியும்.

‘மனோன்’. மென்மையான பெயர், பிரான்சில் பெண் குழந்தைகளுக்குப் பரவலாக வைப்பது. பாப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பதால் குட்டிக்குக் கட்டளைகளையும் பிரெஞ்சில் சொல்லித்தர ஆசைப்படுவாள் என்று நினைக்கிறேன். அப்போது ‘கூடாது’ என்பதற்கு அவள் சொல்லப்போவது ‘நோன்’. பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில் விழும். ‘மனோன்’ என்று உரக்கக் கூப்பிட்டால் ஓங்கி ஒலிப்பதும் அந்த ‘நோன்’தான். அன்போடு கூப்பிடும்போதும் கண்டிக்கும்போதும் ஒரே ஓசை காதில் விழுந்தால் குட்டி குழம்பும். நினோன், சுசோன் எல்லாம் இதே வகை இழுப்புதான். வீட்டில் பிரெஞ்சுக் கட்டளையே கிடையாது என்றால் மனோன் நல்ல பெயர். உங்கள் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

தமிழ்க் கட்டளைகளோடும் இதே போல ஒத்துப் பார்க்க வேண்டும். ‘இரு’ என்று நிறுத்தப் பழக்கப்போகிறீர்கள் என்றால் ‘இரிஸ்’ வேண்டாம். ‘வேணாம்’ என்று அதட்டுகிற வீட்டில் ‘வெனூஸ்’ வேண்டாம். அழகன் என்ற பொருளில் ஆண் குட்டிகளுக்கு வைக்கிற ‘போ’ நமக்கு ஆகவே ஆகாது. அதன் பெண்பால் ‘பெல்’ மட்டும் பிழைக்கும்.

‘பிழூ’ என்றால் நகை, மணி. பிரெஞ்சில் சொல் ஆண்பால் என்றாலும் செல்லப் பிராணிகளில் ஆண், பெண் இரண்டுக்கும் வைக்கிறார்கள். இங்கே அது ‘பிஜு’ ஆகும். மாஹேயும் நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதிதான். மலையாளக் குடும்பங்கள் உங்கள் பக்கம் எத்தனையோ இருக்கும். பிஜு அவர்களில் பல ஆண்களின் பெயர். தெருவில் நின்று கூப்பிட்டால் ஒரு மனிதர் திரும்பிப் பார்ப்பார், உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். இதே போல, பிரெஞ்சில் ‘நானா’ என்று பெண்களைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் ஒன்று உண்டு, நாய்க்கும் வைப்பார்கள். காரைக்கால் முஸ்லிம் குடும்பங்களில் நானா என்றால் அண்ணன். அங்கே சொந்தபந்தம் இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து ஷெனவியேவ், பெர்னதெத். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த இரண்டும் வெறும் பெண்பெயர்கள் இல்லை. ஷெனவியேவ் பாரிஸ் நகரத்தின் காவல் புனிதை. 451-ல் அத்திலாவின் படை வருகிறது என்று நகரமே ஓடத் துணிந்தபோது, ஓடாதீர்கள், ஜெபம் செய்யுங்கள் என்று மக்களை நிறுத்தியவராகப் போற்றப்படுகிறார். பெர்னதெத், 1858-ல் லூர்து நகரில் மாதாவின் காட்சி கண்ட சிறுமி. அந்த லூர்து மாதாவுக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வில்லியனூரில் கோயிலே இருக்கிறது, சாதி மதம் பார்க்காமல் ஜனம் போகிறது. புதுச்சேரியில் பெர்னதெத் என்ற பெயரில் எத்தனை அக்காக்கள், எத்தனை ஆயாக்கள்! உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கலாம். அவர் காதில் விழும்படி “பெர்னதெத், செருப்பைக் கடிக்காதே” என்று கத்துவதை நினைத்துப் பாருங்கள்.

பிரான்சில் நாய்க்கு மனிதப் பெயர் வைப்பது சகஜம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊரில் அப்படி இல்லை. நாய் என்ற சொல்லையே திட்டாகப் பயன்படுத்துகிற சமூகம் இது. அந்த நிலைமை மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். ஆனால் அது மாறுவதற்கு முன், பக்கத்தில் இருப்பவருடைய பெயரையும் பக்தியையும் நம் குட்டியின் தலையில் ஏற்றினால், கோபம் குட்டி மேல்தான் திரும்பும். தெருவில் நாலு பேருக்குப் பிடித்த நாய்தான் தெருவில் பத்திரமாக இருக்கும். ஆகவே மரி, தெரேஸ், மத்லேன், ஷான் இவற்றையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

‘நுவாசெத்’ உங்கள் தேர்வு. கொட்டை வகையைச் சேர்ந்த ஹேசல்நட். பழுப்புக் குட்டிக்குப் பொருத்தமான பெயர், பிரான்சில் பழுப்பு நிற நாய், முயல் எல்லாவற்றுக்கும் வைப்பார்கள். பிரெஞ்சில் நடுவில் வரும் ஒலி ‘ஸ’வின் அதிரும் வடிவம், தமிழில் அது இல்லை. நம் வாய் அதை ‘ச’ ஆக்கும். கடைசியில் மெய்யெழுத்து வந்தால் நம் வாய் தானாகவே ஓர் உகரம் சேர்க்கும். பஸ் பஸ்ஸு ஆவது போல, நுவாசெத் ‘நுவாசெத்து’ ஆகிவிடும். அதில் ‘செத்து’ நிற்கிறது. வீட்டில் ஒருவரை இழந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. அத்தை தினம் பத்து முறை அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், அம்மா. லிசெத், சுசெத், ஷோசெத் என்று பிரெஞ்சில் இந்த முடிவோடு எத்தனையோ அழகான பெயர்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கொலெத்தும் தமிழ்க் காதுக்கு அவ்வளவு சுகமாக விழாது. அந்த வகையில் தப்பிப்பது பாபெத். ‘பாபெத்து’ என்றாலும் பாப்பாவின் சாயல்தான் வரும்.

நாத்தனார் சொன்ன எழுத்துக் கணக்கு உண்மையானதுதான். ஆனால் அது எல்லா நாய்க்கும் இல்லை. பிரான்சின் வம்சாவளிப் பதிவேட்டில் சேர்க்கிற சாதி நாய்க்குட்டிகளுக்கு மட்டும் அந்த விதி. 1926-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு எழுத்து; கே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் இந்த ஆறையும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அவற்றில் பெயர் கிடைப்பது கஷ்டம். மீதி இருபது எழுத்தில் ஒரு சுற்று. 2024-ல் ‘வி’யோடு ஒரு சுற்று முடிந்து, 2025-ல் மறுபடி ‘ஏ’, 2026-ல் ‘பி’. பெயரைக் கேட்டதும் நாயின் வயதைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இதன் சௌகரியம். பதிவேட்டில் இல்லாத நாய்களுக்கும் பலர் ஆசைக்காக இதைப் பின்பற்றுகிறார்கள். குருசுக்குப்பத்து நாட்டுக் குட்டியை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது. நாத்தனாரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றால் ‘பி’யில் பாபெத், பெல், பிரியோஷ், பிஷெத் இருக்கின்றன. பிஷெத் என்றால் குட்டிப் பெண்மான், பிரியோஷ் என்றால் வெண்ணெய் போட்ட பன். இவற்றில் பிரியோஷ் அத்தை வாயில் நுழையாது, பிஷெத்தும் ‘பிசெத்து’ ஆகிவிடும்.

நாத்தனாரிடமோ பாப்பாவின் பள்ளித் தோழிகளிடமோ பேசும்போது வேறு சில பெயர்களும் வந்து விழலாம், அதற்காக முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சில் ஒரே அசையை இரட்டித்துச் செல்லப் பெயர் ஆக்குவது வழக்கம்: லிலி, மிமி, லுலு, ஃபிஃபி, கோகோ. நாய்க்கு இவை மிக நல்லவை. இரண்டே அசை, உயிரில் முடியும், தூரத்திலிருந்து நீட்டிக் கூப்பிடலாம். ஆனால் ‘ஸிஸி’, ‘கிகி’ இரண்டையும் தொடாதீர்கள். சிறுவர்களின் உறுப்பைக் குறிக்கக் குழந்தைகள் பேச்சில் புழங்கும் சொற்கள் அவை. வீட்டுக்குப் பிரெஞ்சு தெரிந்தவர் வந்தால் தர்மசங்கடம். பெண் நாயைக் குறிக்கும் ‘ஷியேன்’ என்ற சொல்லும் அங்கே பெண்களைத் திட்டுகிற சொல். ‘மினெத்’, ‘மினூ’ இரண்டும் பூனைக்கு உரியவை. ‘ப்யூஸ்’ என்று தாய்மார் குழந்தையைக் கொஞ்சுவார்கள், அதன் நேர்ப்பொருள் தெள்ளுப்பூச்சி. நாய்க்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று தினமும் பார்க்கிறவன் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘மர்கோ’ நல்ல பெயர்தான், ஆனால் நம் ஊரில் எல்லோருக்கும் வேப்பஞ்சோப்புதான் நினைவுக்கு வரும்.

மாமனாரை மனதில் வைத்து ஒரு பெயரை மட்டும் தனியாகச் சொல்ல விரும்புகிறேன்: ‘நெனெத்’. முதல் உலகப் போரின்போது பாரிசில் குண்டு விழும் நாட்களில், நூலால் செய்த இரண்டு சின்னப் பொம்மைகளை ஜனங்கள் காப்பாகக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள், போர்முனைக்குப் போகும் வீரர்களுக்கும் கொடுத்தனுப்பினார்கள். அந்த ஜோடியின் பெயர் நெனெத், ரின்தின்தின். 1918 செப்டம்பரில் லொரேன் பகுதியில் ஃப்லிரே என்ற ஊரில், குண்டு விழுந்து சிதைந்த நாய்ப் பட்டி ஒன்றில் ஒரு தாய் நாயும் அதன் குட்டிகளும் உயிரோடு இருப்பதை அமெரிக்க வீரர் லீ டங்கன் கண்டார். தனக்கென்று எடுத்துக்கொண்ட இரண்டு குட்டிகளுக்கு அந்தப் பொம்மைகளின் பெயரையே வைத்தார். ஆண் குட்டி ரின் டின் டின் பின்னால் ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரமாகி உலகத்துக்கே தெரிந்தது. பெண் குட்டியை மட்டும் கொஞ்சம் மாற்றி நானெத் என்று அழைத்தார். கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த கையோடு அது நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கிறதே பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், அது அந்தப் போரில் இந்த மண்ணிலிருந்து போய் மாண்டவர்களுக்காகத்தான். ஜூலை 14 வந்தால் அங்கே மரியாதை செலுத்துகிறார்கள். உங்கள் மாமனாரும் அங்கே போயிருப்பார். ஒரு சொல்தாவின் வீட்டில் வளரும் பெண் குட்டிக்கு நெனெத் என்ற பெயர் மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தை ‘நெனெத்து’ என்பார், அதிலும் குற்றம் இல்லை. அந்தக் குட்டியின் கதையைக் கேட்டபின் அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பெயருக்கும் ஆயுளுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் பெரியவர்கள் மனதில் ஒரு நெருடல் இருந்தால் அந்தப் பெயரை அவர்கள் வாய் நிறையக் கூப்பிடமாட்டார்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் முதல் தேர்வு ‘கனெல்’. பிரெஞ்சில் இலவங்கப்பட்டை. இலக்கணத்திலும் பெண்பால், பிரான்சில் பழுப்புப் பெண் நாய்களுக்கு நெடுநாளாக வழங்குகிற பெயர். குட்டி பட்டை நிறம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அசை. முதலெழுத்து ‘க’ பளிச்சென்று காதில் விழும். தமிழில் இல்லாத ஒலி ஒன்றுகூட இல்லை. ‘வா’, ‘இரு’, ‘உட்கார்’, ‘நோன்’ எதோடும் மோதாது. அத்தை வாயில் இது என்ன ஆகும் என்று யோசித்தேன்: ‘கனல்’ ஆகும். நெருப்பு. அதுவும் நல்ல பெயர்தான், நம் வீட்டு மனிதர்களுக்கே வைக்கிற பெயர்.

பாப்பா கனெல் என்பாள், அத்தை கனல் என்பார், இப்போது குட்டி குழம்பாதா என்று கேட்பீர்கள். நான் முன்பு சொன்ன அதே புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் 2020-ல் இதற்கு உதவுகிற ஓர் ஆய்வு வெளியானது. வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, அவற்றுக்குத் தெரிந்த கட்டளைச் சொற்களையும், ஓர் ஒலி மட்டும் மாற்றிய பொருளற்ற சொற்களையும், முற்றிலும் வேறான பொருளற்ற சொற்களையும் கேட்கவைத்தார்கள். முற்றிலும் வேறான சொல் வந்தால் மூளை வித்தியாசத்தைக் காட்டியது. ஓர் ஒலி மட்டும் மாறியபோது அப்படிக் காட்டவில்லை. அவ்வளவு துல்லியமாகச் சொல்லின் உள்ளே போய்க் கவனிப்பது நாயின் வழக்கமில்லை என்பது அவர்கள் கருத்து. கனெலும் கனலும் குட்டிக்கு ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஷெனவியேவை அத்தை ‘செனிவீ’ என்றால் அது அப்படி இருக்காது, அது வேறொரு சொல்லாகவே போய்விடும். அத்தையின் நாக்குக்கு ஏற்ற பெயரைத் தேடுங்கள் என்று நான் இவ்வளவு தூரம் சொல்வதற்கு அதுதான் காரணம்.

என் வரிசை இது: கனெல், அடுத்து நெனெத், அடுத்து பாபெத். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் லிலி. முடிவு செய்வதற்கு முன் ஒரு மாலை நேரம் நால்வரும் மாடியில் நின்று ஒவ்வொரு பெயரையும் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நம் வழக்கத்தில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்போம். எந்தப் பெயர் இழுக்கும்போது உடைகிறது, எதைச் சொல்ல யாருக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு சாலைக்கு ஓடும் நாளில் கூச்சமில்லாமல், தடுமாறாமல் தெருவெல்லாம் கேட்கும்படி கத்த முடிகிற பெயர் வேண்டும்.

பெயரைப் பழக்குவதற்கு வேகவைத்த கோழி இறைச்சியைச் சுண்டுவிரல் நகத்தளவு துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் கூடாது; வெங்காயம் நாய்க்கு நஞ்சு. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த நொடியில் பாராட்டி ஒரு துண்டு கொடுங்கள். ஐந்தாறு முறை போதும், அதற்கு மேல் குட்டிக்குச் சலிக்கும். ஒரு நாளில் மூன்று நான்கு வேளை, வேளைக்கு ஓர் ஆள். அத்தையும் கட்டாயம் செய்ய வேண்டும். திரும்பவில்லை என்றால் “கனெல் கனெல் கனெல்” என்று அடுக்காதீர்கள். பத்து தடவை சொன்னால்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று அது கற்றுக்கொண்டுவிடும். கிட்டப் போய், நாக்கால் ஒரு சத்தம் கொடுத்து, திரும்பியதும் பெயரைச் சொல்லி ஒரு துண்டு கொடுங்கள்.

பாப்பா கொஞ்சுகிற குரலில் சொல்லட்டும், தடுக்காதீர்கள். பிரான்சில் சேன்-எத்தியேன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா மத்தெவோன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கீச்சுக் கொஞ்சல் குரலுக்கு வளர்ந்த நாய்களைவிடக் குட்டிகள் அதிகமாகத் திரும்பி ஓடி வந்தன. அமைதியான அறையில் நன்றாகத் திரும்ப ஆரம்பித்த பிறகு டி.வி. ஓடும்போது, சமையலறையில் மிக்ஸி ஓடும்போது, வாசலில் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்துக்குள் கொண்டுபோங்கள். பலர் பேசும் இரைச்சலுக்கு நடுவிலும் நாய்கள் தம் பெயரைப் பிரித்தறிகின்றன என்று அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் 2019-ல் காட்டியிருக்கிறது. இரைச்சல் பெயரைவிட உரக்கப் போனால் முடிவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது. தரையில் மூத்திரம் போய்விட்டதா, செருப்பைக் கடித்துவிட்டதா, ‘நோன்’ என்றோ ‘வேணாம்’ என்றோ மட்டும் சொல்லி, கடிக்க வேறொன்றைக் கொடுங்கள். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, கூண்டில் அடைக்க என்று அதற்குப் பிடிக்காத காரியங்களுக்குப் பெயரைச் சொல்லி அழைக்காமல் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டால் ஓடி ஒளிகிற நாய்களை என்னிடம் கொண்டுவந்து ‘காது கேட்கவில்லை போல’ என்பார்கள். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பெயர்தான் கெட்டுப்போயிருக்கும். அந்த நிலைமைக்குப் போனால் புதுப் பெயர் வைத்து முதலிலிருந்து தொடங்குவதே நல்லது. நாய் எந்த வயதிலும் புதுப் பெயர் கற்றுக்கொள்ளும்.

அத்தை ‘குட்டி’ என்று கூப்பிட்டே தீருவேன் என்றால்? கூப்பிடட்டும். முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் நன்றாகப் பதிந்த பிறகு குட்டி, தங்கம், செல்லம் எல்லாம் கூடுதல் பெயர்களாகச் சேர்ந்துகொள்ளும்.

பெயர் முடிவானதும் தடுப்பூசி அட்டையில் தமிழில் எழுதி, கீழே பாப்பாவின் கையால் பிரெஞ்சு எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எட்டு வாரம் ஆகிவிட்டதால் முதல் கூட்டுத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். அதை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பப் போட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று தத்துக் கொடுத்தவர்களிடம் கேட்டு, தேதியையும் அந்த அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊசிகள் முடியும்வரை தெரு மண்ணில் இறக்கிவிட வேண்டாம். ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கும் மீன் கடைக்கும் போய்வாருங்கள். மனிதர்களையும் வண்டிச் சத்தத்தையும் பயமில்லாமல் பழகிக்கொள்ள இதுதான் வயது. போகிற வழியில் யாராவது “பேரென்ன?” என்று கேட்டால், பாப்பா சொல்லட்டும்.